புதுச்சேரில நடக்குற "அற்புதமா மந்திரமா" சனிக்கிழமை கிளாஸ், ஆறு வாரமும் போய் உக்காந்துட்டு வந்து எழுதுறேன்

முதல்ல விவரத்த சொல்லிடுறேன், நிறைய பேர் அதுக்குத்தான் ரிவியூ படிப்பீங்க. ஆறு சனிக்கிழமை, சாயங்காலம் 4 மணிலேந்து 6:30 வரைக்கும், மிஷன் வீதிலேந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு பழைய வீட்டு மாடி ஹால்ல நடக்குது, பீஸ் மொத்தம் 900 ரூபா, டீயும் பிஸ்கட்டும் அதுலயே அடங்கிடும். மொத்தம் 19 பேர் இருந்தோம். சொல்லிக்குடுக்குறவரு ரிட்டையர் ஆன வாத்தியார், கிரேக்கமும் எபிரெயமும் முறையா படிச்சவரு, தன் பேரை எங்கயும் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால சார்னே எழுதுறேன். பைபிள்ல வர்ற அற்புதங்களுக்கும், அந்தக் காலத்து எகிப்து, பாபிலோன், கிரேக்க மந்திரவாதிங்க செஞ்சதுக்கும் என்ன ஒத்துமை என்ன வித்தியாசம்ங்குறதுதான் பாடம். இது மதப் பிரசங்கமும் கிடையாது, மதத்த திட்டுற கூட்டமும் கிடையாது, ரெண்டையும் எதிர்பாத்து வந்தவங்க ரெண்டாவது வாரமே நின்னுட்டாங்க.

நான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம், சின்ன வயசுலேந்து சர்ச்சுக்குப் போற குடும்பம். திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல 11 வருஷமா நிக்கிறேன். இந்தக் கிளாஸுக்கு ஏன் போனேன்னு சொன்னாத்தான் நான் எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுறேன்னு உங்களுக்குப் புரியும். 2017-ல அப்பாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரி ஒரு பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே சொந்தக்காரங்க யாரோ ஏவல் வெச்சிட்டாங்கன்னு சொல்லி ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க, அவரு அம்மா பேரு நட்சத்திரம்லாம் கேட்டாரு, ஏதோ முணுமுணுத்தாரு, ஒரு தகட்ட வாசப்படிகிட்ட புதைச்சாரு, 8000 வாங்கிட்டு போனாரு. அது முடிஞ்சு ரெண்டு மாசத்துல ஜெபம் பண்ற ஒருத்தர் வந்தாரு, எங்க சர்ச் ஆளு இல்ல வெளியூரு, அவரும் அப்பா பேர கேட்டாரு, அவரும் எங்களுக்குப் புரியாத பாஷைல என்னமோ சொன்னாரு, மூஞ்சில ஊதினாரு, ஒரு எண்ணெ பாட்டில் குடுத்து காணிக்கைன்னு 5000 வாங்கினாரு. அப்பா 2019-ல போயிட்டாரு. அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு எனக்குத் தெரிஞ்ச ஒரு சர்ச் போதகர்கிட்ட ஐயரே இந்த ரெண்டு பேரு செஞ்சதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன், அப்படி கேக்குறதே பாவம்மான்னுட்டாரு. அந்தக் கேள்வி உள்ளயே கெடந்துச்சு. இந்தக் கிளாஸ் பத்தி கடைக்கு மருந்து வாங்க வந்த ஒரு அக்கா சொன்னதும் அன்னைக்கே பணம் கட்டிட்டேன்.

முதல் நாளே என்ன புடிச்சு உக்கார வெச்சது ஒரு வார்த்தைதான். கலாத்தியர் 5-ல மாம்சத்தின் கிரியைகள்னு ஒரு பட்டியல் வரும் பாருங்க, அதுல பில்லிசூனியம்னு நம்ம பழைய திருப்புதல்ல, அதாவது பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புல, இருக்குல்ல, அதுக்கு கிரேக்கத்துல பார்மகேயான்னு இருக்காம். சார் போர்டுல எழுதிட்டு என்னைப் பாத்து நீங்க எங்க வேலை பாக்குறீங்கன்னு கேட்டாரு, பார்மசில சார்னேன், அதே வார்த்தைதாம்மா அதுன்னாரு. பார்மகோன்னா கிரேக்கத்துல மருந்தும் அதுதான், விஷமும் அதுதான், வசியத்துக்குக் குடுக்குறதும் அதுதான். ஹால்ல இருந்த பாதி பேருக்கு இது ஆச்சரியமா இருந்துச்சு, எனக்கு அப்படித் தோணல, ஏன்னா நம்ம ஊர்லயும் மருந்துன்னா ரெண்டுமேதானே, கடைல மருந்து குடுங்கன்னு கேக்குறவங்களேதான் அவனுக்கு யாரோ மருந்து வெச்சிட்டாங்க, போய் மருந்து எடுத்துட்டு வரணும்னும் சொல்றாங்க. இத நான் எழுந்து சொன்னேன், சார் உடனே தன்னோட நோட்ல எழுதிக்கிட்டாரு. ஒரு வாத்தியார் மாணவி சொன்னத எழுதிக்கிறத நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

மொழிபெயர்ப்பு பத்தின அந்த ரெண்டாவது வாரம் ஒண்ணுக்கே 900 ரூபா தகும். பழைய திருப்புதல், 1995-ல வந்த திருவிவிலியம்ங்குற புது மொழிபெயர்ப்பு, பக்கத்துல கிரேக்கம், இப்படி மூணையும் வரிசையா ஜெராக்ஸ் எடுத்து குடுத்தாரு. மத்தேயு 2-ல நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டு வந்தவங்கள நாம கிறிஸ்துமஸ் நாடகத்துல கிரீடம் வெச்சு ராஜாவா ஆக்கிட்டோம், பழைய திருப்புதல்ல அவங்க சாஸ்திரிகள், திருவிவிலியத்துல ஞானிகள். கிரேக்கத்துல மாகோய். சரி, இப்ப அப்போஸ்தலர் நடபடிகள் 13-க்கு வாங்க, அங்க பவுல் கண்ணு குருடாப் போகச் சொன்ன பர்யேசுங்குற ஆளு யாரு, மாயவித்தைக்காரன். கிரேக்கத்துல அவனும் மாகோஸ்தான், அந்த மாகோய்க்கு ஒருமை, அதே சொல்லு. குழந்த இயேசுவ வந்து கும்பிட்டா சாஸ்திரி, பவுலுக்குக் குறுக்க நின்னா மாயவித்தைக்காரன்! மொழிபெயர்த்தவங்க ஏமாத்தினாங்கன்னு சார் சொல்லல, கதைல யாரு நம்ம பக்கம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதுக்கேத்த தமிழ் வார்த்தைய எடுத்துருக்காங்கன்னாரு. அதோட நிக்கல. யாத்திராகமம் 7-ல பார்வோன் கூப்புட்டு அனுப்புறது சாஸ்திரிகளையும் சூனியக்காரரையும். நடபடிகள் 7-ல மோசே எகிப்தியரோட சகல சாஸ்திரங்களையும் கத்தவன்னு ஸ்தேவான் சொல்றாரு. அதாவது பார்வோன் ஆளுங்களும் மோசேயும் ஒரே பள்ளிக்கூடம்னு நம்ம தமிழ் பைபிளே சொல்லாம சொல்லுது.

இன்னொண்ணு, 1 சாமுவேல் 28. சவுல் ராஜா செத்துப்போன சாமுவேல எழுப்பிக் கேக்கணும்னு எந்தோர்ல ஒரு பொம்பளகிட்ட ராத்திரி மாறுவேஷத்துல போறாரு. எபிரெயத்துல அவ ஆவிய வெச்சிருக்குறவ, நம்ம திருப்புதல்ல அவ "அஞ்சனம் பார்க்கிற" ஸ்திரீ. அஞ்சனம்னா மை. வெத்தலைல மை தடவி திருடன் யாருன்னு பாக்குறது நம்ம வழக்கம், இஸ்ரவேல்ல யாரும் வெத்தலைல மை போடல. மொழிபெயர்த்தவங்க இந்த மண்ணுல சுத்திப் பாத்து, ஓ இங்க இந்த வேலைய யாரு செய்யுறான்னு கேட்டு, அந்தப் பேர அவளுக்கு வெச்சுட்டாங்க. அன்னைக்கு பஸ்ல திரும்பி வரும்போது முள்ளோடை தாண்டுற வரைக்கும் இதையேதான் யோசிச்சிட்டு வந்தேன், சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல அந்தக் கதைய கேக்கும்போது என் மனசுல வந்த முகம் எங்க தெருக்கோடில மை பாக்குற ஆயாவோட முகம்தான், அது ஏன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.

எகிப்து பாடத்தையும் நல்லா நடத்தினாரு. அங்க ஹெகான்னா மந்திர சக்தி, அதே பேர்ல ஒரு சாமியும் உண்டு, அவங்களுக்கு அது ஒளிஞ்சு செய்யுற கெட்ட வேலை இல்ல, கோயில்ல ஏடு படிக்கிற பூசாரியோட வேலை. பார்வோன் பக்கம் நின்ன மந்திரவாதிங்களுக்கு எபிரெயத்துல வர்ற சொல்லே அந்தப் பூசாரி பட்டத்துலேந்து வந்ததுதானாம். பெர்லின்ல வெஸ்ட்கார் பாப்பிரஸ்னு ஒரு சுருள் இருக்கு, அதுல ஒரு கதை. ஸ்னெபெரு ராஜாவுக்கு பொழுது போகல, 20 பொண்ணுங்கள படகு ஓட்ட சொல்லி வேடிக்க பாக்குறாரு, அதுல ஒரு பொண்ணோட மீன் வடிவ பச்சக்கல்லு தொங்கட்டான் தண்ணில விழுந்துடுது, அவ ஓட்ட மாட்டேன்னு நின்னுடுறா, ராஜா வேற தரேன்னாலும் எனக்கு என்னுதுதான் வேணும்ங்குறா. பூசாரி வந்து மந்திரம் சொல்லி ஏரித் தண்ணில ஒரு பாதிய தூக்கி இன்னொரு பாதி மேல வெக்கிறாரு, 12 முழம் ஆழம் 24 முழம் ஆகுது, தொங்கட்டான எடுத்துக் குடுத்துட்டு தண்ணிய பழையபடி விடுறாரு. இதக் கேட்டதும் செங்கடல்னு எல்லாரும் ஒரே நேரத்துல சொன்னோம். சார் உடனே யாத்திராகமம் 14-அ திறக்க சொல்லி, ராத்திரி முழுக்க கீழ்க்காத்து அடிச்சுதுன்னு இருக்குற வரிய சத்தமா படிக்க சொன்னாரு. அங்க மந்திரச் சொல்லு எதுவுமே இல்ல, மோசே கைய நீட்டுறாரு, காத்து அடிக்குது, விடிய விடிய ஆகுது. ஒத்துமையும் அங்கதான் இருக்கு வித்தியாசமும் அங்கதான் இருக்குன்னு காமிச்ச விதம் எனக்கு ரொம்பப் புடிச்சுது, எத ஒண்ணையும் மறைக்கல.

யூதப் பெரியவங்களுக்கே இந்த உறுத்தல் இருந்துருக்கு. மோசே பக்கத்து கோல் பாம்பாச்சு, பார்வோன் மந்திரவாதிங்க கோலும் பாம்பாச்சு, தண்ணி ரத்தமாச்சு, அவங்களும் செஞ்சாங்க, தவள வந்துச்சு, அவங்களும் வரவெச்சாங்க, பேன் வரும்போது மட்டும் ஏன் முடியல? யூத ரபிங்களோட (குருமார்களோட) விளக்கத் தொகுப்பான தல்மூத்துல ஒரு விளக்கம், பிசாசுக்கு வாற்கோதும மணிய விட சின்னத உண்டாக்க சக்தி இல்லைன்னு. இன்னொரு எடத்துல பார்வோனோட மந்திரவாதிங்க மோசேய கிண்டல் பண்ணுறாங்க, தானியம் வெளையுற ஊருக்கே தானியம் கொண்டு வர்றியா, எகிப்துக்கே மந்திரம் கொண்டு வர்றியான்னு. கொல்லன் தெருவுல ஊசி விக்கிறதுன்னு நாம சொல்லுறது அப்படியே. ஆனா இந்தப் பகுதிக்கு சார் அர மணி நேரம்தான் ஒதுக்கினாரு, இது என்னோட பெரிய குறை. யூத வேதத்த பாடமா வெச்சுட்டு யூதங்க தங்கள பத்தியே பேசிக்கிட்டத ஓரமா தள்ளினா எப்படி? ஹோனின்னு ஒருத்தர் தரைல வட்டம் போட்டு உள்ள நின்னுக்கிட்டு மழ பெய்யாம இத விட்டு நகர மாட்டேன்னு கடவுள்கிட்ட அடம் புடிச்சாராம், மழயும் வந்துச்சாம், அப்போ இருந்த பெரிய ரபி நீ ஹோனியா இல்லாம வேற யாராவது இருந்தா உன்ன தள்ளி வெச்சிருப்பேன், அப்பாகிட்ட புள்ள அடம் புடிக்கிற மாதிரி புடிக்கிற உன்ன நான் என்ன செய்யன்னாராம். இது தல்மூத்துக்கே அடிப்படையான மிஷ்னாங்குற பழைய யூதச் சட்டத் தொகுப்புலயே இருக்கு. வட்டம் போட்டு நின்னு வரவெக்கிறது நம்ம ஊரு கண்ணுக்கு மாந்திரீகம்தானே, ஆனா அவரு பேசுனது தகப்பன்கிட்ட பேசுற மாதிரி. இதுக்கு மட்டுமே ஒரு சாயங்காலம் குடுத்துருக்கணும்.

மூணாவது வாரம் வீணாப் போச்சு. எலிசா தீர்க்கதரிசி தண்ணில முழுகுன இரும்புக் கோடாலிய மிதக்க வெச்சத சார் ஆரம்பிச்சதும் ரெண்டு பேரு எழுந்து சண்டை, ஒருத்தர் இதெல்லாம் கட்டுக்கதைன்னு, இன்னொருத்தர் இந்த மாதிரி வகுப்பே சாபம்னு, 50 நிமிஷம் போச்சு, சார் தடுக்கவே இல்ல. கரண்ட்டும் போயிடுச்சு, புரொஜக்டர் இல்ல, வேர்வைல ஜெராக்ஸ் மை கைல ஒட்டிக்கிச்சு. நடத்துறவங்க இதப் படிச்சா ஒரு இன்வர்ட்டர் வைங்க, அவ்ளோதான்.

அன்னைக்கு உருப்படியா நடந்த ஒரே விஷயம் எண்ணாகமம் 5. புருஷனுக்கு பொண்டாட்டி மேல சந்தேகம் வந்தா ஆசாரியன்கிட்ட கூட்டிட்டு போகணும், அவன் சாப வார்த்தைய எழுதி, அந்த எழுத்த தண்ணில கழுவி, அந்தக் கசப்பான தண்ணிய அவள குடிக்க வெக்கணும், தப்பு செஞ்சிருந்தா வயிறு வீங்கும். எழுதி கழுவி குடிக்க வெக்கிறது நம்ம ஊர்ல தட்டுல எழுதி கழுவிக் குடுக்குறாங்கள்ல அதே மொறை, அதே கைவேலை. ஹால்ல இருந்த பொம்பளைங்க ஏழு பேருக்கும் ஒரே கோபம், நெல்லித்தோப்புலேந்து வந்த ஒரு அம்மா சந்தேகப்பட்டவனுக்கு என்ன தண்ணி குடுத்தாங்கன்னு கேட்டாங்க. அவனுக்கு ஒண்ணும் இல்லம்மா, வசனத்துலயே அவன் அக்கிரமத்துக்கு நீங்கலாயிருப்பான்னு இருக்குன்னு சார் சொன்னாரு. ஹால்ல யாரும் கொஞ்ச நேரம் பேசல. மந்திரமா வேதமாங்குற கேள்விய விட அது பெரிய கேள்வின்னு எனக்குத் தோணிச்சு, அது அந்த ஹால்லயே நின்னுடுச்சு.

தாயத்து பத்தி சொல்லியே ஆகணும். கையில கிடைச்ச பைபிள் வாசகத்துலயே ரொம்பப் பழசு எதுல இருக்கு தெரியுமா? 1979-ல எருசலேம்ல கேத்தெப் ஹின்னோம்ங்குற எடத்துல ஒரு கல்லறைக் குகைல ரெண்டு குட்டி வெள்ளித் தகடு கிடைச்சுது, பொடிசா எழுதி, சுருட்டி, கழுத்துல போடுற மாதிரி. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்னு ஒவ்வொரு ஆராதனையும் முடியும்போது ஐயர் கைய தூக்கி சொல்லுவாருல்ல, எண்ணாகமம் 6, அதுதான் அதுல இருக்கு. கிறிஸ்துவுக்கு 600 வருஷத்துக்கு முந்தினது. வெள்ளில தகடு சுருட்டி எழுதி போட்டா நம்ம அதுக்கு என்ன பேரு வெச்சிருக்கோம்? படத்த பாத்ததும் எங்க வீட்டு வாசப்படிக்கு கீழ இருக்குற தகடுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, எழுந்து வெளில போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

இயேசு பத்தின வகுப்பு நாலாவது வாரம். என்ன மாதிரி ஆளுங்களுக்கு இதுல உக்கார கொஞ்சம் மன தைரியம் வேணும், ஆனா சார் மரியாதையா நடத்தினாரு. மாற்கு 7-ல காது கேக்காதவன தனியா கூட்டிட்டு போய், காதுல விரல விட்டு, எச்சில் துப்பி நாக்க தொட்டு, வானத்தப் பாத்து பெருமூச்சு விட்டு எப்பத்தா, அதாவது திறக்கப்படுன்னு சொல்றாரு. மாற்கு 8-ல குருடனோட கண்ணுல துப்புறாரு, மொதல்ல மனுஷங்க மரம் மாதிரி தெரியுறாங்க, ரெண்டாவது தடவ கைய வெச்சப்புறம்தான் சரியாகுது. இந்த ரெண்டையும் மத்தேயுவும் எடுக்கல லூக்காவும் எடுக்கல, மாற்குல பாதிக்கு மேல எடுத்துக்கிட்டவங்க இத மட்டும் விட்டுட்டாங்க. படிக்கிறவங்க வேற மாதிரி நெனச்சுடுவாங்கன்னு அவங்களே யோசிச்சிருக்கலாம்ங்குறாங்க ஆராய்ச்சிக்காரங்க. எச்சில் அந்தக் காலத்துல மருந்தாவே இருந்துருக்கு, ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியால ஒரு குருடன் கண்ணுல எச்சில் தடவி சரி பண்ணார்னு தாசித்துஸ்ங்குற ரோம வரலாற்று ஆசிரியர் எழுதி வெச்சிருக்காரு. திருஷ்டி கழிச்சா மூணு தடவ துப்ப சொல்ற ஊர்ல பொறந்தவங்களுக்கு இது ஒண்ணும் தூரமான விஷயம் இல்ல. மாற்கு 5-ல பிசாசுகிட்ட உன் பேர் என்னன்னு கேக்குறது, அது லேகியோன்னு பதில் சொல்றது, இதையும் நாம பாத்துருக்கோம், பேய் ஓட்டுறவங்க மொதல்ல கேக்குறதே பேரும் ஊரும்தான். அந்த இடத்துல இன்னொண்ணு சார் காமிச்சாரு, நான் 30 வருஷமா படிச்சும் கவனிச்சதே இல்ல, கடவுள் மேல ஆணைன்னு ஓட்டுறவங்க சொல்ற வார்த்தைய அங்க சொல்றது பிசாசு, இயேசுகிட்ட சொல்லுது. அவரு யார் மேலயும் ஆணையிடல, போன்னு மட்டும் சொல்றாரு.

மந்திரம்னா கட்டளை போடுறது, மதம்னா கெஞ்சி கேக்குறதுன்னு 1900-ல பிரேசர்னு ஒரு ஸ்காட்லாந்து அறிஞர் சொன்ன கோடு இங்கதான் எடுபடாம போகுது. இயேசு பேய் ஓட்டும்போது முக்காவாசி கட்டளைதான், அந்தப் பக்கம் எகிப்துல கிடைச்ச கிரேக்க மந்திரச் சுருள்கள எடுத்துப் பாத்தா உருகி உருகி வேண்டுதல். பாரிஸ்ல இருக்குற ஒரு மந்திரப் புத்தகத்துல எபிரெயர்களோட கடவுளாகிய இயேசு மேல ஆணைன்னே ஒரு வரி வருதாம். நம்ம பேரு அங்க போயிடுச்சு, அவங்க கோல் இங்க வந்துடுச்சு: ரோமாபுரி நிலவறைக் கல்லறைல மூணு நாலாம் நூற்றாண்டுல கிறிஸ்தவங்களே வரைஞ்ச படத்துல இயேசு கைல ஒரு குச்சிய வெச்சு செத்துப்போன லாசருவ எழுப்புறாரு. யோவான்ல குச்சியே கிடையாது, கூப்புடுறாரு, அவ்ளோதான். அது மோசேயோட கோல்னு சிலர் சொல்லுறாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

அஞ்சாவது வாரம் செல்சஸ். கிபி 178 வாக்குல கிறிஸ்தவத்த எதிர்த்து எழுதுன ஆளு. இயேசு எகிப்துக்கு கூலி வேலைக்கு போய் அங்க வித்த கத்துக்கிட்டு வந்து தன்ன கடவுள்னு சொல்லிக்கிட்டாருன்னு அவரு எழுதுனாரு, 70 வருஷம் கழிச்சு ஓரிஜன்ங்குற கிறிஸ்தவ அறிஞர் எட்டு புத்தகம் பதில் எழுதினாரு. அதுல கவனிக்க வேண்டியது, செல்சஸ் அற்புதமே நடக்கலைன்னு வாதாடல, நடந்துருக்கட்டும் ஆனா அது வித்தைங்குறாரு. பிசாசுங்க தலைவன் பெயெல்செபூல வெச்சுத்தான் இயேசு பேய் ஓட்டுறான்னு வேதபாரகர் சொன்னதும் அதே ரகம். இத சொல்லிட்டு இருக்கும்போது வண்டிப்பாளையத்துலேந்து வர்ற ரிட்டையர்டு ஈபி சார் ஒருத்தர் கைய தூக்கினாரு. சார், எங்க ஊருக்குப் பக்கத்துல கரையேறவிட்டகுப்பம் இருக்கு, அப்பர கல்லோட கட்டி கடல்ல போட்டு அவரு கல்லு மேலயே மிதந்து வந்து ஏறுன எடம், பெரியபுராணத்துல அதுக்கு முன்னாடி நீத்தறைல (சுண்ணாம்புச் சூளைல) ஏழு நாள் போட்டும் சாகாம வெளில வர்றப்ப சமணங்க ராஜாகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா, இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, இவன் முன்னாடி நம்ம சமயத்துல இருந்தப்ப கத்துக்கிட்ட சாதகத்துல பொழச்சிட்டான்னுதான் சொன்னாங்கன்னாரு.

சார் கைல இருந்த சாக்பீஸ வெச்சுட்டு உக்காந்துட்டாரு. செல்சஸ் எகிப்துங்குறாரு, சமணங்க எங்க பள்ளிங்குறாங்க, வாதம் ஒண்ணுதான்: நடந்தது நெசம், ஆனா சக்தி அவன் சாமியோடது இல்ல, எங்கயோ கத்துக்கிட்ட வித்த. நான் தெனமும் நின்னு மாத்திர எடுத்துக் குடுக்குற அதே திருப்பாதிரிப்புலியூரோட கதைல இது வருது! அப்பரு சொன்னது ஒரு பேருதான், நமச்சிவாய. கல்லு மிதந்தது பதிகத்தாலயா மந்திரத்தாலயான்னு அந்த ஈபி சார்கிட்ட யாராவது கேட்டா அவரு மனசு எப்படி நோகும்னு எனக்குத் தெரியும், ஏன்னா எங்கிட்ட எலிசாவோட கோடாலிய கேட்டா அதே நோவுதான். அன்னைக்கு டீ குடிக்கும்போது அவருகிட்ட போய் ஐயா இந்த வருஷம் சித்திரைல கரையேற்றம் திருவிழாவுக்கு நானும் வரட்டுமான்னு கேட்டேன், வாம்மா, உங்க வீட்டு அம்மாவையும் கூட்டிட்டு வான்னாரு.

கடைசி வாரம் நான் என் கேள்விய கேட்டேன். ஆறு வாரமா கேட்டதுல எனக்குத் தோணுன பதிலையும் நானே சொன்னேன். செய்யுற செய்கைல வித்தியாசம் இல்ல சார், எச்சிலு, கோலு, பேரு, எழுத்து, துணி எல்லாம் ரெண்டு பக்கமும் இருக்கு, நடபடிகள் 19-ல பவுல் உடம்புல பட்ட உருமாலய கொண்டு போய் வெச்சாலே நோய் போகுது. ஆனா வேதம் கோடு போடுற எடத்தப் பாத்தா அங்க பணம் நிக்கிது. குஷ்டம் சொகமான நாகமான் நீட்டுன வெள்ளிய எலிசா தொடல, பின்னாடி ஓடிப்போய் வாங்குன அவரு வேலக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டம் வந்துச்சு. சீமோன்ங்குற மாயவித்தைக்காரன் அந்த வல்லமைய விலைக்கு வாங்க பணத்த நீட்டுனதும்தான் பேதுருவுக்கு கோபம் வருது. பிலிப்பி ஊர்ல குறி சொல்ற பொண்ண வெச்சு அவ எஜமானுங்க சம்பாரிச்சாங்க, அவளுக்கு விடுதலை ஆனதும் அவங்க போலீசுக்கு போற மாதிரி அதிகாரிங்ககிட்ட போனது வருமானம் போச்சேன்னுதான். எபேசுல எரிச்ச மந்திரப் புத்தகத்துக்கு விலை போட்டே எழுதியிருக்கு, 50,000 வெள்ளிக்காசு. இலவசமா வாங்குனீங்க இலவசமா குடுங்கன்னு மத்தேயு 10-ல அவரே சொல்லி அனுப்புறாரு. எங்க அப்பாவுக்கு வந்த ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் சார், 8000-ம் 5000-ம்.

சொல்லும்போது குரல் உடைஞ்சிடுச்சு. சார் ஆமான்னு சொல்லி முடிச்சிருக்கலாம், சமாதானமா ஏதாவது சொல்லியிருக்கலாம், அப்படி செய்யல, அதுக்காகவே அவருக்கு நான் முழு ஸ்டார் குடுப்பேன். நல்ல கோடும்மா, ஆனா 1 சாமுவேல் 9-அ எடுங்கன்னாரு. காணாம போன கழுதைய தேடிட்டு சவுல் சாமுவேல பாக்க போகும்போது குடுக்குறதுக்கு காணிக்க இல்லையேன்னு நிக்கிறான், வேலக்காரன் எங்கிட்ட கால் சேக்கல் வெள்ளி இருக்குங்குறான். தீர்க்கதரிசிக்கும் காசு கொண்டு போற வழக்கம்தான் இருந்துருக்கு. அப்புறம் எந்தோருக்கு திருப்பினாரு. சட்டப்படி சாக வேண்டிய அந்த அஞ்சனக்காரி சவுல்கிட்ட ஒத்த காசு வாங்கல. ராஜா தரைல விழுந்து கெடக்குறான், நாள் முழுக்க சாப்புடல, நாளைக்கு நீ சாகப்போறன்னு கேட்டுட்டான். அவ கெஞ்சி எழுப்பி, வீட்டுல இருந்த கொழுத்த கன்னுக்குட்டிய அடிச்சு, மாவு பிசஞ்சு அப்பம் சுட்டு சாப்புட வெச்சு அனுப்புறா. பைபிள்ல அவனுக்கு கடைசியா சோறு போட்டது அவதாம்மான்னாரு.

என் கோட்ட நான் இன்னும் அழிக்கல. அந்த ரெண்டு எடத்துலயும் அது விட்டுப்போயிருக்குன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சே வெச்சிருக்கேன்.

சரி, போகணும்னு நெனக்கிறவங்களுக்கு. பைபிள் முன்னபின்ன படிக்காதவங்களுக்கு மொதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும், ஆனா எங்க கூட வந்த பாகூர் தம்பி ஒருத்தன் கோயில் பூசாரி வீட்டுப் புள்ள, அவன் கேட்ட கேள்விங்கதான் பல சமயம் நல்லா இருந்துச்சு, அதனால தயங்க வேணாம். பழைய திருப்புதலும் திருவிவிலியமும் ரெண்டையும் கொண்டு போங்க, ஜெராக்ஸ் பாதி எடத்துல தெரியாது. கடலூர்லேந்து வர்றவங்க 2:30-க்காவது கெளம்பிடுங்க, சனிக்கிழமை அரியாங்குப்பம் பாலத்துகிட்ட வண்டி நின்னா நின்னதுதான். ஜன்னல் ஓரம் உக்காந்தா காத்து வரும், ஆனா ரோட்டு சத்தத்துல சார் குரல் கேக்காது, முன்வரிசைல இடது பக்கம்தான் நல்ல எடம். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன், ஒண்ணு குறைச்சது அந்த மூணாவது வாரத்துக்கும் தல்மூத்துக்கு குடுத்த அர மணி நேரத்துக்கும். அடுத்த பேட்ச் மழைக்காலம் முடிஞ்சுன்னு சொல்லியிருக்காங்க, சேர்றவங்க மொதல் நாளே ஹோனிக்கு ஒரு முழு சாயங்காலம் வேணும்னு கேட்டு வாங்கிடுங்க, அப்படி நடந்தா எனக்கும் சொல்லுங்க, அந்த ஒரு நாளுக்கு மட்டும் நான் திரும்ப வர்றேன்.